இடப்பக்கம் ஓர் ஆள் இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நடைபாதையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனை வளம், கடவுள் கொடுத்த வரம் என்றெல்லாம் நீங்கள் என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடக் கூடாது.

இங்கிலாந்தின் கிளீதார்ப்ஸ் கடற்கரைச் சாலையில், வெள்ளிக்கிழமைகளில், நாரிஸ் ஹேலமும் நானும் மீன் கடைக்கு நடந்து போவோம். நாடகக் கொட்டகையில் நான் உடுப்புத் தைக்கிறவள்; நாரிஸுக்கு 'மிஸஸ் ஆர்'. அவர் மேடையில் நிற்கிறவர். (நடிக்கிறவர் என்றுதான் முதலில் எழுதினேன். அவர் இருந்தால் அந்தச் சொல்லை அடித்திருப்பார். "நான் நிக்கிறேன், அவ்வளவுதான்" என்பார்.)

இந்த நாட்டில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் ஆண்தான் சாலையோரமாக நடக்க வேண்டும். சேறு தெறித்தால் அவன்மேல் தெறிக்கட்டும் என்று. நாரிஸ் ரொம்ப மரியாதைக்காரர்; கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், தொப்பியைத் தொட்டு வணங்குவார். ஆனால் நடைபாதையில் மட்டும் என்னை எப்போதும் தன் வலப்பக்கம் தள்ளிவிடுவார். மீன் கடைக்குப் போகும்போது சாலை வலப்பக்கம். ஆகவே லாரிகள் என் பக்கம். திரும்பி வரும்போது சாலை இடப்பக்கம் வந்துவிடும். நான் பத்திரமாகச் சுவரோரம். போகும்போது முரடர், வரும்போது கனவான்.

மீன்கடைக்காரி விடமாட்டாள். "ஏன் நாரிஸ், அந்தம்மாவ லாரிக்குக் காவு குடுக்கப் பாக்குறியா? அப்புறம் உன் கால்சட்டைக்குப் பட்டன் தைக்க ஆளில்லாம அலைவே, பாத்துக்க கண்ணு."*

இன்னொன்றையும் கவனித்தேன். போகும்போதும் வரும்போதும் அவருடைய இடப்பக்கத்தில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு இடம் காலியாகவே இருக்கும். எதிரே தள்ளுவண்டி வந்தால்கூட அந்த இடத்துக்குள் ஒதுங்க மாட்டார். நின்று, வண்டி போன பிறகு நடப்பார்.

ஒருநாள் லாரி ஒன்று குட்டைத் தண்ணீர் முழுவதையும் என் கம்பளி மேலங்கியில் இறைத்துவிட்டுப் போனது. அன்றுதான் கேட்டேன். "ஏன் நாரிஸ், அந்தப் பக்கம் என்னதான் இருக்கு?"

"அந்தப் பக்கம் ஆள் இருக்கு, மிஸஸ் ஆர்" என்றார். நாலு எட்டு நடந்த பிறகு, "இருந்துச்சு" என்றார்.

கதை அவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் விடுவீர்களா, பிள்ளைகளே?

* இந்த ஊர்க்காரர்கள் தபால்காரரிலிருந்து நீதிபதிவரை எவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் காதலும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. நான் அதைக் 'கண்ணு' என்றே எழுதுகிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் நிறைய தாள் வீணாகிவிட்டது.

"கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்த ஒரு மாலையில், தனிமையில் ஒரு நகைச்சுவைக் கலைஞர்..." 

வேண்டாம். எங்கள் கடல் பாதி நேரம் பின்வாங்கித்தான் கிடக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் சேறாக. அதை வைத்துச் சோகம் பண்ணினால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"இரட்டையர் நகைச்சுவை என்னும் கலைவடிவம் இங்கிலாந்தின் வடபகுதியில் நெசவாலைத் தொழிலாளர்களிடையே..." 

இது பரீட்சைத் தாள். இதுவும் வேண்டாம். ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் மேடைக்கு வருவார்கள். ஒருவர் கேட்பார், "எங்கடா போயிருந்த?" மற்றவர் ஏதோ பதில் சொல்வார். கொட்டகை இடிந்து விழும். பதில் சொன்னவரைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். கேட்டவரை வீட்டு வாசலில் பார்த்தால், "நீங்க... அவரோட வருவீங்களே, அவர்தானே?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவரை நான் எடுத்துக்கொடுப்பவர் என்று எழுதப்போகிறேன். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாலை விழாது. ஆனால் அவர் மூச்சை நிறுத்திவிட்டால் ராகம் அந்தரத்தில் நிற்கும்.

நாரிஸ் ஹேலம் எடுத்துக்கொடுப்பவர். பதில் சொல்கிறவர் ஆல்பி கிரேக். 'ஹேலமும் கிரேக்கும்.' வடக்கே ஒரு காலத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் டீக்கடையில் உட்கார இடம் கொடுப்பார்கள்.

மூன்றாவதாக ஒரு தொடக்கம் கிடைத்தது. அது சவப்பெட்டியில் தொடங்குகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ராச்டேல் ஊரில் ஒரு சவ அடக்கக்காரரிடம் இருவரும் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத வயசு. பெட்டியின் முன்பக்கக் கைப்பிடி இரண்டும் இவர்களுக்கு. நாரிஸ் வலப்பக்கம், ஆல்பி இடப்பக்கம். ஆல்பி குள்ளம், ஆகவே இறந்தவர் எப்போதும் சற்று இடப்பக்கம் சாய்ந்தபடியே கல்லறைக்குப் போவார்.

தலையைத் திருப்பக் கூடாது. பின்னால் குடும்பம் அழுதுகொண்டு வரும். ஆல்பி உதட்டை அசைக்காமல் பேசுவான்.

"டேய் கல்லுமூஞ்சி."

நாரிஸ் நேரே பார்த்து நடப்பார்.

"உள்ள இருக்கறவரு உன்னைவிட நல்லா சிரிக்கிறாருடா."

நாரிஸின் முகம் சிரிக்காது. ஆனால் காது சிவக்கும். ஆல்பிக்குத் தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணால் பார்க்கக் கிடைத்தது அந்த இடது காது மட்டும்தான். சொல்வதற்கு முன் அதை ஒரு தடவை பார்ப்பான், வேடன் குறி பார்ப்பதுபோல. சொன்ன பிறகு இன்னொரு தடவை பார்ப்பான், பட்டதா இல்லையா என்று.

"அந்தக் காதைச் சிவக்க வைக்கத்தான் அவன் நகைச்சுவைக்கே வந்தான்" என்று நாரிஸ் என்னிடம் சொன்னார். "சனங்க சிரிச்சது அவனுக்கு உபரி."

அதன்பின் எல்லா மேடையிலும் அதே வரிசைதான். இடப்பக்கம் ஆல்பி, வலப்பக்கம் நாரிஸ். ஒவ்வொரு வேடிக்கைக்கும் முன்னால் அந்தப் பார்வை. கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நாரிஸுக்கு மட்டும் தெரியும். பார்வை வந்துவிட்டால் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

(இந்தப் பார்வையை மறந்துவிடாதீர்கள். கதையில் நான் உங்களிடம் வேறெதையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லப்போவதில்லை.)

4

இப்போது ஆல்பியைக் கெட்டவனாக்க வேண்டும். கதை என்றால் பிரிவு வேண்டும், பிரிவுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். பலமுறை முயன்றேன். முதல் முறை அவனுக்குத் தலைக்கனம் கொடுத்தேன், குடியும் கொடுத்தேன். எழுதி முடித்துப் படித்தால் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இதுதான். லண்டனில் தொலைக்காட்சிக்காரர்கள் ஆல்பியை மட்டும் கூப்பிட்டார்கள். சிரிக்க வைக்கிறவர் மட்டும் போதும் என்றார்கள். ஆல்பி அதைப் பொரித்த மீன் கடையில், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான்.

"என்னை மட்டும் கூப்பிடறானுங்கடா."

"போ" என்றார் நாரிஸ்.

"நீ ஒரு வார்த்தை போகாதன்னு சொல்லு. நான் போகல."

"அங்க உனக்கு எடுத்துக்குடுக்க யாரு?"

"யாரோ ஒருத்தன வெச்சிருக்கானுங்க. நல்ல உயரம்."

"உயரம் மட்டும் போதாதுடா குட்டையா."

"அப்ப போகாதன்னு சொல்லு."

நாரிஸ் பட்டாணிக் கூழை மீன்மேல் தடவிக்கொண்டிருந்தார். எதிராளியின் வாயில் சரியான வார்த்தையை வரவழைப்பதுதான் அவருடைய தொழில். தன் வாயில் வரவழைக்க அவருக்குத் தெரியாது. "மீன் ஆறிடும், சாப்பிடு" என்றார்.

ஆல்பி போனான்.

(ஆகவே குற்றவாளி இல்லை. மீன் ஆறிப்போனது, அவ்வளவுதான்.)

சனிக்கிழமை மாலைகளில் நாரிஸின் வாடகை அறையில் நாங்கள் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்போம். ஆல்பி பக்கத்தில் அந்த உயரமான ஆள். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன், மறைப்பானேன். நாரிஸ் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆல்பியின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாருங்க மிஸஸ் ஆர். சொல்றதுக்கு முன்னாடி பக்கத்துல பாக்குறான் பாருங்க. அந்த உயரத்துல காது இல்ல. அங்க அவனோட தோள்பட்டைதான் இருக்கு."

"ஆமா."

"தேடுறான்" என்றார் நாரிஸ்.

அவர் வேறு கூட்டாளி சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் கொட்டகையில் போலீஸ்காரனாக நின்றார், அரசனாக நின்றார், அறிவிப்பாளராக நின்றார். எங்கே நின்றாலும் மேடையின் நடுவிலிருந்து ஓர் ஆள் அளவுக்கு வலப்பக்கம் தள்ளி நின்றார். விளக்குப் போடுகிறவர்கள் கத்திக் கத்திச் சலித்து, விளக்கையே நகர்த்திக்கொண்டார்கள்.

5

பதினான்கு வருடம் கழித்து ஆல்பி திரும்பி வந்தான். (வந்தார் என்று எழுத வேண்டும், வயதாகிவிட்டது. ஆனால் 'வந்தார்' என்றால் அவர் என் கைக்கு அகப்பட மாட்டேன் என்கிறார். 'வந்தான்' என்றே இருக்கட்டும்.)

தொலைக்காட்சி நிகழ்ச்சி என்றோ நின்றுபோயிருந்தது. எங்கள் கொட்டகைக்குப் புதிதாக வந்த இயக்குநர் கில்லியன் ஃபார் இருவரையும் கிறிஸ்துமஸ் கூத்துக்குச் சேர்த்துக் கூப்பிட்டாள். கூத்து என்று நான் சொல்வது, இங்கே குளிர்காலத்தில் பிள்ளை குட்டிகளோடு ஊரே வந்து பார்த்து, பாதி வசனத்தைத் தாங்களே கத்தும் ஆட்டமும் பாட்டும். நாரிஸுக்குக் கப்பல் தலைவன் வேடம். ஆல்பிக்கு அவன்கீழ் வேலை செய்யும் மாலுமி வேடம்.

ரயிலடிக்கு நானும் போயிருந்தேன். ஆல்பி ஒரு பெட்டியும் தொப்பியுமாக இறங்கினான்.

"டேய் கல்லுமூஞ்சி! இன்னும் சாகலையா நீ?"

"வேலை இருந்துச்சு."

"உனக்கென்னடா வேலை?"

"உன் ரயிலுக்குக் காத்திருந்தேன்."

"ரயில் அஞ்சு நிமிஷந்தானே தாமதம்?"

"பதினாலு வருஷம் அஞ்சு நிமிஷம்" என்றார் நாரிஸ், முகம் மாறாமல்.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் ஆல்பி எதையும் கேட்காமல், பார்க்காமல், நாரிஸின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டான். நான் வலப்பக்கம், லாரிகளோடு. எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எல்லாரும் நன்றாகத் தூங்கியிருப்போம்.

6

ஒரு கோமாளிக்கு மறதி வந்தால் யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

ஒத்திகையின் முதல் வாரத்தில் ஆல்பி இடதுகால் பூட்சை வலதுகாலில் மாட்டிக்கொண்டு வந்தான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதவென்று நினைத்து அலமாரிக்குள் போனான், கைதட்டினார்கள். "எப்பேர்ப்பட்ட ஆளு, எந்நேரமும் வேலைதான்" என்று ஒட்டகத்தின் பின்பாதியாக நடிக்கும் டிரெவர் புல்லரித்துப்போனார். நான் அந்தப் பூட்சைக் கழற்ற உதவினேன். ஆல்பி என் காதருகில், "இது யாரோட கால் கண்ணு?" என்றான். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

நாரிஸ் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்.

"பார்வை வரல, மிஸஸ் ஆர்" என்றார். "வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட என் காதப் பாக்கல. சிரிக்க வைக்கறதெல்லாம் தானா நடக்குது. அவன் அங்க இல்ல."

பிறகு நாரிஸ் ஒரு காரியம் செய்தார். இத்தனை வருடம் மேடை பார்த்த நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆல்பி எங்கே வழிதவறினாலும், அதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் வைத்தார். ஆல்பி பாதியில் நின்றுவிட்டால், "என்னடா, கடலையே முழுங்கிட்டு நிக்கிற?" என்பார். ஆல்பி சம்பந்தமில்லாமல், "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்பான். "நீந்தத் தெரியுமா?" என்பார் நாரிஸ். எல்லாரும் சிரிப்பார்கள். ஆல்பி விழப்போகும் இடத்திலெல்லாம் இவர் முந்திப்போய்ப் பாய் விரித்தார்.

கில்லியன் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

(முதல் வரைவில் கில்லியனைக் கல்நெஞ்சக்காரி ஆக்கியிருந்தேன். கிழித்துவிட்டேன். ஆல்பிக்குக் குளிரும் என்று தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். ஆனால் கொட்டகை நிறையப் பிள்ளைகள் வருவார்கள், மேலே கயிற்றில் பாய்மரம் தொங்கும், பதில் சொல்ல வேண்டியவள் அவள்.)

"நாரிஸ், எனக்குக் கண்ணு இருக்கு" என்றாள். "நீங்க எவ்வளவு நாளைக்கு ரெண்டு பேர் வேலையும் செய்வீங்க?"

"நான் நிக்கிறேன், அவ்வளவுதான்."

"சனங்க முன்னாடி முதல் காட்சிய அவரே முடிக்கட்டும். கடைசி வரிய அவர் வாயால சொல்லிட்டா நான் ஒண்ணும் பேசல, சீசன் முழுக்க இருக்கட்டும். சொல்லலன்னா, ரெண்டாவது காட்சிக்கு அந்த மாலுமி பூட்ஸு டிரெவருக்கு. ஆல்பி வீட்டுக்குப் போகணும். அவருக்கும் அதுதான் நல்லது."

நாரிஸ் என் உடுப்பு அறைக்கு வந்து, தேய்ப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கடைசி வரி" என்றார். "நான் எடுத்துக்குடுத்து, அவன் சொல்லி, படுதா விழணும். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி."

7

இனி ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். (கட்டுரை மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான்.)

எங்கள் கூத்துகள் இரண்டு வரிப் பாட்டோடு முடியும். ஒருவர் முதல் வரி சொல்வார், மற்றவர் அதற்கு இசைந்த இரண்டாம் வரி சொல்வார், படுதா விழும். அந்த இரண்டு வரியையும் ஒத்திகையில் யாரும் சொல்வதில்லை. ஒத்திகை அதற்கு முந்தின வரியோடு நின்றுவிடும். இயக்குநர், "அப்புறம் மிச்சம்" என்று கைதட்டுவார். நாற்காலிகள் காலியாக இருக்கும்போது கடைசி வரியைச் சொன்னால் ஆட்டம் யாரும் இல்லாமலே முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கொட்டகைக்குக் கேடு. மேடை உடைந்தாலும் உடையலாம், ஆள் போனாலும் போகலாம். படித்தவர்கள்தான், எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் சொல்ல மாட்டார்கள்.

பழைய நாளில் அந்த இரண்டாம் வரியை ஆல்பி முதல் காட்சியில் மேடைமேல் நின்றபடிதான் உண்டாக்குவான். நாரிஸுக்கும் அது அப்போதுதான் தெரியும். இந்த முறை கில்லியன் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தாள். நல்ல வரி, எளிய வரி.

புரிகிறதா சிக்கல்? ஆல்பிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் எதுவும் ஒட்டுகிறது. திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாத வரியில்தான் அவனுடைய வேலை இருக்கிறது.

முதல் காட்சிக்கு முந்தின நாள் பிற்பகல், நாரிஸ் ஆல்பியைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். நான் ஒட்டகத்தின் முழங்காலைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் ஒண்ணு செய்யப்போறேன், மிஸஸ் ஆர். நீங்க பாக்கல."

"நான் ஊசியத் தவிர எதப் பாத்திருக்கேன்?" என்றேன்.

கருப்புப் பூனை குறுக்கே வந்தால் தெருவையே மாற்றிக்கொள்கிற மனிதர் நாரிஸ். உடுப்பு அறையில் யாராவது விசிலடித்தால் வெளுத்துப்போவார். அவர் ஆல்பியைத் தன் இடப்பக்கம் நிறுத்தி, தொண்டையைச் செருமி, சொன்னார்:

"கப்பலும் கரைக்கு வந்தாச்சு, கயிறும் கட்டியாச்சு..."

என் தையல் இயந்திரம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, கால் தானாக நின்றது.

"சொல்லு ஆல்பி. அடுத்து என்ன? நான் சொல்லித் தரேன், நீ என்கூடவே..."

"வாய மூடுறா!"

ஆல்பியின் குரல். பழைய குரல், கடைசி வரிசைவரை போகும் குரல்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கடைசி வரிய ஒத்திகையில சொல்றியா? யாருடா உன்னத் தொழிலுக்கு எடுத்தது? கெளம்பு. வெளிய போ. போடா!"

பூட்ஸ் எந்தக் கால், கதவு எந்தப் பக்கம், தான் சாப்பிட்டோமா இல்லையா, எல்லாம் போய்விட்டது. இது போகவில்லை.

தவறு செய்தவன் அறையைவிட்டு வெளியே போக வேண்டும், மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். அதுதான் பரிகாரம். நாரிஸ் வெளியே போனார். பலகைத் தரையில் அவர் சுற்றும் ஓசை கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"உள்ள வரலாமா?"

"யாரு?" என்றான் ஆல்பி.

"நாரிஸ்."

"எந்த நாரிஸ்?"

அது அவர்களுடைய பழைய ஆட்டம் ஒன்றின் தொடக்கமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் ஆல்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"உனக்கு வலப்பக்கம் நிக்கிறவன்" என்றார் நாரிஸ், கதவுக்கு வெளியிலிருந்து.

ஆல்பி யோசித்தான். தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"அப்ப சீக்கிரம் வா" என்றான். "இங்க காலியா இருக்கு."

8

மறுநாள் பிற்பகல், முதல் காட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மிட்டாய்த் தாள் சரசரப்பு, ஈரக் கம்பளி வாடை. நான் மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன். நாரிஸுக்கு வலப்பக்கம், வழக்கம்போல.

கப்பல் காட்சியில் ஆல்பி நின்றுவிட்டான். சுற்றும்முற்றும் பார்த்தான்.

"நாம எங்க இருக்கோம்?"

"கடல்ல, முட்டாளே."

"எந்தக் கடல்?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் உன்னக் கூட்டியாந்தேன்."

"நீ யாரு?"

"இந்தக் கப்பலுக்குத் தலைவன்."

ஆல்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப மூழ்கிருவோம்" என்றான்.

பிள்ளைகள் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதில் ஒரு வரிகூட எழுதிய வரி இல்லை. அந்த மூன்று கேள்விகளும் உண்மையான கேள்விகள் என்பது அந்தக் கொட்டகையில் கில்லியனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நாரிஸுக்குத் தெரியும். பார்வை ஒரு தடவையும் வரவில்லை.

பிறகு முடிவு. எல்லாரும் படியிறங்கி வந்து வணங்கியாயிற்று. ஒட்டகம் ஓரத்தில், அதன் வயிற்றுத் துணிக்கு உள்ளே டிரெவர் தயாராக மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. நடுவில் இரண்டு பேர். நாரிஸ் சொன்னார்:

"கப்பலும் கரைக்கு வந்தாச்சு, கயிறும் கட்டியாச்சு..."

ஆல்பி சொல்லவில்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க இந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எழுதிப் பார்த்த முடிவுகளைக் காட்டுகிறேன்.

ஆல்பி கில்லியனின் வரியைக் கணீரென்று சொன்னான், கொட்டகை அதிர்ந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (பிஸ்கட் டப்பாமேல் போடும் படம்போல இருக்கிறது.)

நாரிஸ் இரண்டாம் வரியையும் தானே சொல்லி ஆட்டத்தைக் காப்பாற்றினார். படுதாவுக்குப் பின்னால் ஆல்பியின் பூட்சைத் தானே கழற்றிவிட்டார். (இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மேசைப் பக்கம் போகவில்லை.)

ஒட்டகத்தின் பின்பாதி இரண்டாம் வரியைச் சொன்னது, பிள்ளைகள்... (சிரிக்காதீர்கள். டிரெவருக்கு அது உண்மையிலேயே மனப்பாடம்.)

இவை எதுவும் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: நாரிஸ் காத்திருந்தார்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், அந்தக் கல்முகத்தைப் பார்த்து. பிறகு சிரிப்பு ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் அவர் நின்றார். மேடையில் அவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியாது, பிள்ளைகளே. நெருப்பில் கை வைத்திருப்பதுபோல. எதிர்ப்பக்கத்திலிருந்து கில்லியன் கையசைத்தாள்: நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த வரி அவருக்குத் தெரியும், வாயைத் திறந்தால் போதும். அவர் திறக்கவில்லை. பாய் விரிக்கவும் இல்லை, கேள்வி வைக்கவும் இல்லை. பொரித்த மீன் கடையில் சொல்லத் தெரியாமல் போனதை அவர் அங்கே நின்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதலாமா? (எழுதலாம். எழுதிவிட்டேன்.)

மூன்றாம் வரிசையில் ஒரு குட்டிப் பெண் உரக்கக் கேட்டாள்: "அந்தத் தாத்தா ஏன் ஒண்ணும் சொல்லல?"

ஆல்பி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தான். பிறகு தன் பூட்சைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டினான். நாரிஸின் தோள்பட்டை உயரத்துக்கு அல்ல. அதற்கு மேலே.

காதைப் பார்த்தான்.

நாரிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டது பக்கவாட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

9

என்ன சொன்னான் என்றுதானே கேட்கிறீர்கள்?

தெரியும். நான் அங்கே இருந்தேன். ஆனால் இப்போது இந்த மேசையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே கடல் பின்வாங்கிக் கிடக்கிறது. எதிரே, கேட்க வருகிறவர்களுக்காகப் போட்ட இரண்டு நாற்காலியும் காலி. யாரும் உட்காராத இடத்தில் கடைசி வரியைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டேன். நான் எழுதுவது ஒத்திகை. நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம். அந்த இருவரில் எவர் இப்போது எங்கே என்றும் கேட்காதீர்கள். கடைசி வரி வராதவரை படுதா விழாது. படுதா விழாதவரை இருவரும் வெளிச்சத்தில்தான் நிற்கிறார்கள், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர்.

எங்கள் கூத்தில் பார்க்க வந்தவர்கள் பாதி வசனத்தைக் கத்துவார்கள் என்று சொன்னேன் அல்லவா? இது உங்களுடைய பாதி. நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. இசைய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு காது சிவக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவசரமில்லை. அவர் நிற்பார். அது அவர் தொழில். வேண்டுமானால் முதல் வரியை இன்னொரு தடவை எடுத்துக்கொடுக்கச் சொல்கிறேன்:

"கப்பலும் கரைக்கு வந்தாச்சு, கயிறும் கட்டியாச்சு..."